ஹெவிவெயிட்டை எடை போடுவது எப்படி

எங்கள் பெரியப்பாவுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் பங்காளி. வரப்புத் தகராறு, நாற்பது வருஷக் கதை, அது இங்கே வேண்டாம். இன்னொருவர் லாரி ஹோம்ஸ், அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர், ஹெவிவெயிட் என்கிற மிகக் கனமான எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்தவர். ஹோம்ஸைப் பெரியப்பா கண்ணால் கண்டதில்லை, ஆனால் அலியைக் கண்டிருக்கிறார். 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார் இல்லையா, அதைப் பார்ப்பதற்காகவே கும்பகோணத்தில் ரயில் ஏறிப் போய், எங்கோ கடைசி வரிசையில் நின்று எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து ஒரு மாசம் அதே பேச்சாக இருந்தவர். அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் அந்த அலியைப் பத்து ரவுண்டு அடித்து, பதினொன்றாவதுக்கு எழவிடாமல் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் தீரவில்லை.

போன மாசம் பாபநாசத்தில் ஒரு டீக்கடையில் பேச்சு எப்படியோ பாக்சிங் பக்கம் போயிற்று. ஹெவிவெயிட்டில் முதல் ஐந்து பேர் யார் என்று ஒரு தம்பி கேட்டான். நான் சும்மா இருக்காமல் ஹோம்ஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பெரியப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "கெழவனைப் போட்டு அடிச்சவனெல்லாம் ஒரு ஆளாடா?"

கோபத்தில் வந்த கேள்விதான், ஆனால் சரியான கேள்வி. யாரை அடித்தான், எப்போது அடித்தான். கையுறையைக் கழற்றிவிட்ட ஒரு பாக்சருக்கு வரலாற்றில் எந்த இடம் என்று பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வேறு எங்கிருந்தோ ஆரம்பித்து வழி தவறிப் போகிறார்கள். நான் இத்தனை வருஷமாகச் செய்து பார்த்த முறையை எழுதிவிடுகிறேன். ஒரு நோட்டு, பேனா, யூடியூப் ஓடுகிற போன், சாயங்காலத்தில் கொஞ்சம் ஓய்வு, இவ்வளவு போதும். ஹோம்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், பெரியப்பா மன்னிக்கட்டும்.

அரிசி பழசாகட்டும்

ஒரு ஆள் ஓய்வை அறிவித்த அன்றே உட்கார்ந்து கணக்குப் போடாதீர்கள். புது அரிசி குழையும், கொஞ்ச நாள் கிடந்தால்தான் சாதம் உதிராக வரும். அமெரிக்காவில் கனஸ்டோட்டா என்ற சிற்றூரில் இருக்கும் சர்வதேச குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில்கூட, ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனால்தான் பெயரை எடுப்பார்கள், பின்னால் அதை மூன்று வருஷமாக்கினார்கள். ஜார்ஜ் ஃபோர்மனை 1977-ல், ஜிம்மி யங்கிடம் தோற்று ஓய்வு பெற்ற கையோடு எடை போட்டிருந்தால் என்ன எழுதியிருப்போம்? பயங்கரமாகக் குத்துவான், அலியிடம் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அந்த மனுஷன் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து, 1994-ல் 45 வயதில், பாயிண்டில் பின்தங்கிக் கிடந்த சண்டையில் பத்தாவது ரவுண்டில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆவார் என்று எந்த ஜோசியக்காரன் சொன்னான்?

முறத்தை எடு

நம் பக்கம் அறுவடை முடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்பதுதான் (மா என்பது நில அளவு). பன்னிரண்டு என்று பதில் வந்தால் உடனே யாரும் வாயைப் பிளப்பதில்லை. தலைமடையா கடைமடையா, குறுவையா தாளடியா, என்ன ரகம், போர் தண்ணியா ஆத்துத் தண்ணியா என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் தலையாட்டுவார்கள். கடைமடையில் ஒருவர் எட்டு மூட்டை கண்டால், அது கல்லணைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கண்டதைவிடப் பெரிய காரியமாக இருக்கலாம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாக்சிங் என்று வந்துவிட்டால் இதே ஆட்கள் "49 சண்டை, 49 வெற்றி" என்று கேட்டதும் மயங்கிவிடுகிறார்கள்.

49-0 என்பது ராக்கி மார்சியானோவின் கணக்கு. அதில் 43 நாக்அவுட், அதாவது எதிராளி மேற்கொண்டு ஆட முடியாமல் முடிந்தவை. 1952-ல் பட்டம் வென்று 1956-ல் தோற்காமலே விலகினார். இந்த 49-ஐ முறத்தில் போட்டுத் தூற்றிப் பாருங்கள். நிறைய பறந்துவிடும். நிற்கிற மணி நான்கு பெயர்: ஜோ லூயிஸ், ஜெர்சி ஜோ வால்காட், எஸார்ட் சார்ல்ஸ், ஆர்ச்சி மூர். 1951-ல் மார்சியானோ அடித்த ஜோ லூயிஸுக்கு வயது 37, வரி பாக்கி கழுத்தை நெரித்ததால் மறுபடி ரிங்குக்கு வந்தவர். வால்காட்டுக்கு 38. ஆர்ச்சி மூர் அசலில் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன், அவரும் இளைஞர் இல்லை, ஆனாலும் இரண்டாவது ரவுண்டில் மார்சியானோவைக் கீழே தள்ளிவிட்டுத்தான் தோற்றார். கொஞ்சம் வயது குறைந்தவர் என்றால் சார்ல்ஸ் ஒருவர்தான்.

இதனால் மார்சியானோ சின்ன ஆள் ஆகிவிட மாட்டார். சார்ல்ஸோடு ஆடிய இரண்டாவது சண்டையில் மூக்கு பிளந்து ரத்தம் நிற்காமல் கொட்டிய நிலையில் எட்டாவது ரவுண்டில் ஆளை வீழ்த்தினாரே, அந்த ஒரு சண்டை போதும் அவருக்கு. சொல்ல வருவது, 49 என்ற எண் இதில் எதையும் சொல்லவில்லை. பதர் எல்லோருடைய கணக்கிலும் இருக்கும். ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார், ஹெவிவெயிட்டில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. அதிலும் ஒரு கட்டத்தில் வரிசையாக வந்தவர்களைப் பார்த்து அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் மாசம் ஒரு சோப்ளாங்கி என்கிற மாதிரிக் கிண்டல் அடித்தார்கள்.

ஆகவே நோட்டில் பத்துப் பெயர் எழுதுங்கள், அந்த ஆள் வென்றதில் சிறந்த பத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம்: அன்று எதிராளியின் வயது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று சண்டையில் அவன் எப்படி ஆடினான், அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஹோம்ஸ் விஷயத்தில் மொத்தக் கணக்கையும் புரட்டிப் போடுவது அதுதான், பின்னால் வருகிறேன்.

முழு மணி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 1974-ல் ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரத்தில் நடந்த அலி–ஃபோர்மன் சண்டையைப் பாருங்கள். ஃபோர்மனுக்கு 25 வயது. 40 சண்டை, தோல்வியே இல்லை, 37 நாக்அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேஸியர், கென் நார்ட்டன் இருவரையும் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் முடித்திருந்தார். அலிக்கு 32, பந்தயக்காரர்கள் அவரை எண்ணவே இல்லை. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் கீழே கிடந்தார். வயது, வரிசை, நிலைமை என்று எப்படித் தூற்றினாலும் இந்த வெற்றி பறக்காது.

வயதை மட்டும் பிடித்துக்கொண்டாலும் ஏமாறுவோம். 2002-ல் லெனாக்ஸ் லூயிஸ் எட்டாவது ரவுண்டில் மைக் டைசனைச் சாய்த்ததும் "வயசான டைசனை அடிச்சான்" என்றார்கள். (நம் எழுத்தில் ஜோவும் லூயிஸ், லெனாக்ஸும் லூயிஸ், அதனால் முதல் பெயரோடுதான் எழுதப் போகிறேன்.) பிறந்த தேதியைப் பார்த்தால் அன்று லெனாக்ஸ் டைசனைவிடப் பத்து மாசம் மூத்தவர். தேய்ந்து போனது டைசனின் ஆட்டம், வயது இல்லை. ஆகவே அந்த வெற்றிக்கு அரை மதிப்பு போடலாம், ஆனால் சரியான காரணத்தைச் சொல்லிப் போட வேண்டும்.

இல்லாத பெயர்கள்

பத்துப் பெயர் எழுதின பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், ஆடியிருக்க வேண்டியவன், ஆடவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஜாக் டெம்ப்சி ஏழு வருஷம் சாம்பியனாக இருந்தும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரரோடு கடைசி வரை ஆடவே இல்லை. ரிடிக் போவ் 1992-ல் லெனாக்ஸோடு ஆடுவதற்குப் பதிலாக உலகப் பட்டத்து பெல்ட்டை லண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டுக் காட்டினார். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன், பட்டம் கிடைப்பதற்காக டாமி பர்ன்ஸைத் துரத்தித் துரத்தி 1908-ல் சிட்னி வரை போனவர், பட்டம் கைக்கு வந்த பிறகு சாம் லாங்ஃபோர்டு மாதிரியான கறுப்பின வீரர்களுக்கு வாய்ப்பே தரவில்லை. வெள்ளைக்காரனோடு ஆடினால்தான் டிக்கெட் விற்கும் என்ற நிலைமை ஒரு காரணம். அண்ணன் தம்பி இருவருமே சாம்பியனான கிளிச்சகோ சகோதரர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடவில்லை, அதற்கு மட்டும் ஒரு மார்க்கும் குறைக்காதீர்கள், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

யார் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமான வேலை. பயமா, பணமா, இடையில் நிற்கிற ப்ரமோட்டரா, பெல்ட் கொடுக்கிற அமைப்புகளின் அரசியலா, எல்லாம் கலந்து கிடக்கும். பொதுவாக நான் பார்ப்பது இதுதான்: அந்தச் சண்டை நடக்காததால் யாருக்கு லாபம்?

தோல்வியை இரண்டு தடவை படி

ஜெயித்ததைவிடத் தோற்றதில் ஒரு ஆளின் தரம் நன்றாகத் தெரியும். ஜோ லூயிஸ் 1936-ல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார். 1938-ல் மறுபடி மோதி 124 விநாடியில் முடித்துவிட்டார். லெனாக்ஸ் தோற்றது இரண்டே பேரிடம், ஆலிவர் மெக்கால், ஹாசிம் ரஹ்மான். இருவரையும் திரும்ப அழைத்து வென்றார். ரஹ்மானிடம் தோற்றதே தேவையில்லாத தோல்விதான், சரியாகத் தயாராகாமல் போய் ஐந்தாவது ரவுண்டில் வாங்கிக்கொண்டார், ஆனால் ஏழு மாசத்தில் நாலே ரவுண்டில் கணக்கைத் தீர்த்தார். டைசன் 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார், அதைத் தீர்க்கவே இல்லை. எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்று, திரும்ப அழைத்து, இரண்டாவது தடவை காதைக் கடித்தார். நம் ஊர் ஜிம்களில் டைசன் படம் இல்லாத சுவர் கிடையாது, எனக்கும் 1986 முதல் 1988 வரையான டைசனைப் பார்த்தால் இன்னும் மயிர் கூச்செறியும், 20 வயசுப் பையன் உலக சாம்பியன். ஆனாலும் அந்தப் பையன் ஒரு தடவைகூட மோசமான இரவைத் திருப்பி வாங்கவில்லை. இது என் நோட்டில் பெரிய கழித்தல். கோபப்படுகிறவர்கள் படலாம்.

உச்சம் தாண்டிய பிறகு தோற்றதைக் கழிக்காதீர்கள், உச்சம் தாண்டிய பிறகு ஜெயித்ததை மட்டும் கூட்டுங்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "வரவை மட்டும் எழுதி செலவை எழுதாத கணக்கு எந்த ஊர்க் கணக்குடா?" நியாயம்தான். ஆனால் அலி 1981-ல் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றதை வைத்து அலியைக் குறைப்பீர்களா என்று கேட்டேன். பேசவில்லை.

நீயே மார்க் போடு

நடுவர்கள் போட்டதை, பத்திரிகையில் எழுதியதை விட்டுவிட்டு, முக்கியமான நாலைந்து சண்டையையாவது முழுசாகப் பாருங்கள். சுருக்க வீடியோ வேண்டாம், அதில் எல்லாரும் டைசன்தான். சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளருக்குப் பிடித்த ஆள் கையை ஆட்டினாலே "ஆஹா" என்பார், நமக்கும் குத்து விழுந்த மாதிரியே தோன்றும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இதற்கு நல்ல அளவு. ரவுண்டை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9, ஒரு தடவை கீழே விழுந்திருந்தால் பெரும்பாலும் 8. யார் முன்னேறிப் போகிறான் என்று பார்க்காதீர்கள், யாருடைய குத்து சுத்தமாக விழுகிறது என்று பாருங்கள். ஹோம்ஸை எடை போட வேண்டுமானால் அவருடைய இடது கை ஜாபை, அதாவது கையை நேராக நீட்டிக் குத்துவதை மட்டும் ஒரு முழு ரவுண்டு கவனியுங்கள். ஏற்றம் இறைக்கிற மாதிரி ஒரே சீர், போகிறது வருகிறது, எதிராளியின் தலை ஒவ்வொரு தடவையும் பின்னால் போகிறது. முதல் பார்வையில் சலிப்பாக இருக்கும். மூன்றாவது ரவுண்டில்தான் எதிராளியால் தன் ஆட்டத்தை ஆரம்பிக்கவே முடியவில்லை என்பது புரியும்.

ரொம்பப் பழைய ஆட்களிடம் ஜாக்கிரதை. ஜாக் ஜான்சன் காலத்துப் படங்கள் கையால் சுற்றி எடுத்தவை, வேகம் மாறி ஓடுவதால் பாக்சர்கள் பொம்மை மாதிரித் துள்ளுவார்கள். அதைப் பார்த்துவிட்டு "இவனா சாம்பியன்?" என்று சிரிப்பது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தை மூன்று நிமிஷ இசைத்தட்டில் கேட்டுவிட்டு அவ்வளவுதானா என்று கேட்கிற மாதிரி. சாமி புறப்பாட்டில் நடுராத்திரி தெரு முனையில் நின்று அந்தத் தோடியைக் கேட்டவர்கள் சொன்னதற்கும் ஒரு இடம் உண்டு. முழு இடம் இல்லை, ஒரு இடம்.

காலம், உடம்பு, ரவுண்டு

வேறு வேறு காலத்து ஆட்களை ரிங்கில் விட்டு யார் ஜெயிப்பான் என்று பேசுவது டீக்கடைக்கு நல்ல பொழுதுபோக்கு, எடை போட உதவாது. மார்சியானோ சண்டை நாளில் 84 கிலோ சொச்சம். இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட் பிரிவின் உச்ச வரம்பே 90.7 கிலோ, அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே யோசிப்பார்கள். டைசனை அடித்த அன்று லெனாக்ஸ் 113 கிலோ. இவர்களை மோதவிட்டால் யார் விழுவார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் லெனாக்ஸ் பெரிய ஆள் என்று ஆகிவிடாது. டிராக்டரோடு ஏர் மாட்டை ஓடவிட்டு மாட்டைக் குறை சொல்கிற கதை. தன் காலத்து ஆட்களை எவ்வளவு தூரம் விட்டு விலகி நின்றான் என்பதுதான் கேள்வி.

ரவுண்டு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. 1982-ல் கொரிய வீரர் கிம் டுக் கூ ரிங்கில் வாங்கிய அடியில் இறந்துபோன பிறகு, பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைத்தார்கள். ஒரு அமைப்பு ஆரம்பிக்க, மற்றவை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வழிக்கு வந்தன. 1952-ல் வால்காட்டோடு ஆடிய மார்சியானோ 12 ரவுண்டு முடிந்தபோது பாயிண்டில் தோற்றுக்கொண்டிருந்தார். 13-ஆவது ரவுண்டில் விழுந்த ஒரே வலது கைக் குத்துதான் வரலாறு. இன்றைய விதிப்படி அன்று அவர் 42 வெற்றி, ஒரு தோல்வி. பழைய காலத்துக்காரர்களுக்குக் கடைசி மூன்று ரவுண்டு என்று ஒரு தனிப் பாடம் இருந்தது, இப்போது இருப்பவர்களுக்கு அந்தத் தேர்வே கிடையாது.

அவனை இவன் அடித்தான், இவனை அவன் அடித்தான் என்ற கணக்கும் வேண்டாம். ஃப்ரேஸியர் அலியை அடித்தார், ஃபோர்மன் ஃப்ரேஸியரை ஆறு தடவை கீழே தள்ளினார், அலி ஃபோர்மனை அடித்தார். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

அப்புறம் இழந்த வருஷங்கள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியை 1967 முதல் 1970 வரை ஆடவிடவில்லை, 25 வயசிலிருந்து 28 வரை, ஒரு பாக்சருக்குப் பொன்னான காலம். ஜோ லூயிஸ் உலகப்போரில் ராணுவத்துக்குப் போனார், 1942-க்கும் 1946-க்கும் இடையில் பட்டப் போட்டியே இல்லை. இதற்கு என்ன செய்வது? மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வருஷம் குறுவை போகவில்லை என்றால் விவசாயியைத் திட்ட மாட்டோம். அதே நேரம் விளையாத நெல்லுக்கு மூட்டையும் எண்ண மாட்டோம். கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்பது என் கட்சி. அலி அந்த வருஷங்களில் வெளியே செய்தது, ஜோ லூயிஸ் 1938-ல் ஹிட்லர் ஜெர்மனியின் வீரரை வீழ்த்தியது நாட்டுக்கே ஒரு நிகழ்ச்சியானது, இதெல்லாம் தனி நோட்டு. அந்த நோட்டில் அலிக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. அதைக் கொண்டுவந்து ரிங் நோட்டில் ஒட்டாதீர்கள்.

ஹோம்ஸ் கணக்கு

சரி, நம் ஆள். 75 சண்டை, 69 வெற்றி, 6 தோல்வி, 44 நாக்அவுட். 1978 ஜூனிலிருந்து 1985 செப்டம்பர் வரை சாம்பியன், 20 முறை பட்டத்தைக் காத்தார். 75-இல் நாக்அவுட் ஆனது ஒரே ஒரு தடவை, 1988-ல் டைசனிடம், 38 வயதில், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ரிங் பக்கமே வராமல் இருந்துவிட்டு வந்தபோது.

இதைத் தூற்றுவோம். அலி வெற்றியை நானே முதலில் பறக்கவிடுகிறேன், பெரியப்பா சொன்னது சரி, அலிக்கு 38 வயது, உடம்பிலும் தெம்பில்லை, ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சி ஆளாக இருந்த ஹோம்ஸுக்கே அந்தச் சண்டை பிடிக்கவில்லை. லியோன் ஸ்பிங்க்ஸ், பறக்கட்டும். ஜோ ஃப்ரேஸியரின் மகன் மார்விஸ், மொத்தமே பத்து சண்டை ஆடியிருந்த பையன், ஒரே ரவுண்டு, அது சுத்தப் பதர். நிற்பது என்ன? கென் நார்ட்டன். எர்னி ஷேவர்ஸ் இரண்டு தடவை. அந்தக் காலத்தில் மிகக் கனமாகக் குத்தியவர் யார் என்று கேட்டால் பல பாக்சர்கள் ஷேவர்ஸைத்தான் காட்டுவார்கள். 1979-ல் ஏழாவது ரவுண்டில் அவர் விட்ட வலது கைக் குத்தில் ஹோம்ஸ் மரம் சாய்ந்த மாதிரி விழுந்தார், எப்படி எழுந்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, எழுந்து பதினொன்றாவதில் ஷேவர்ஸை முடித்தார். 1982-ல் ஜெரி கூனி, வெள்ளை இனத்தவரின் நம்பிக்கை என்று நிற வெறியைக் கிளப்பி நடத்திய சண்டை, பதின்மூன்றாவதில் முடித்தார்.

இப்போது நான் சொன்ன மூன்றாவது விஷயம், பிறகு என்ன ஆனான். மைக் வீவர், ட்ரெவர் பெர்பிக், டிம் விதர்ஸ்பூன், போன்கிரஷர் ஸ்மித். ஹோம்ஸ் அடித்தபோது இவர்கள் யாரும் பெரிய பெயர் இல்லை. நால்வருமே பிறகு ஏதோ ஒரு உலகப் பட்டத்தை வென்றார்கள், வீவர் ஒரு வருஷத்துக்குள்ளேயே. நாற்றங்காலில் பார்த்ததால் நமக்குப் பயிராகத் தெரியவில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும், விதர்ஸ்பூன் அதுவரை 15 சண்டைதான் ஆடியிருந்தார், அப்படியும் நடுவர்கள் பிரிந்துதான் ஹோம்ஸுக்குக் கொடுத்தார்கள், நான் மார்க் போட்டபோது எனக்கு வரவில்லை.

இல்லாத பெயர்கள் பக்கம் ஹோம்ஸுக்குக் கொஞ்சம் நீளம். இன்னொரு அமைப்பின் பெல்ட்டை வைத்திருந்தவர்களோடு மோதி இரண்டையும் ஒன்றாக்கவே இல்லை. கிரெக் பேஜோடு ஆட வேண்டிய நேரத்தில் பெல்ட்டையே விட்டுவிட்டுப் புது அமைப்புக்குப் போனார். இதற்கு நன்றாகவே கழிக்கிறேன்.

தோல்வி. 48-0 என்று வந்து, மார்சியானோவின் 49-ஐத் தொட ஒரு சண்டை பாக்கி இருந்தபோது 1985-ல் லியோனின் தம்பி மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பாயிண்டில் போனார். லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே மேலே ஏறி ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய முதல் ஆள் இந்த மைக்கேல். தோற்ற கையோடு ஹோம்ஸ் செத்துப்போன மார்சியானோவைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசி ஊர்ப் பகையைத் தேடிக்கொண்டார். அவர் பெயர் இன்னும் மேலே வராமல் இருப்பதற்கு அந்த வாய்க்கும் பாதிப் பங்கு உண்டு. திரும்ப ஆடியதிலும் பிரிந்த தீர்ப்பில் தோற்றார். நான் இரண்டு தடவை மார்க் போட்டேன், இரண்டு தடவையும் ஹோம்ஸுக்குத்தான் வந்தது. ஆக, தோல்வியைத் தீர்க்கவில்லை, ஆனால் தீர்க்கப் போனார். கடைசியாக 1992, வயது 42, ஒலிம்பிக் தங்கம் வாங்கி 18 சண்டையும் ஜெயித்து வந்த ரே மெர்சரை மூலையில் சாய்ந்துகொண்டே பன்னிரண்டு ரவுண்டும் பாடம் நடத்தி வென்றார். இது கூட்டல்.

முடிவை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதாதீர்கள், வீண் சண்டை. படித்துறை மாதிரி எழுதுங்கள், ஒரு படியில் நாலு பேர் உட்காரலாம். என் கணக்கில் மேல் படியில் அலியும் ஜோ லூயிஸும். அடுத்த படியில் ஹோம்ஸ், ஃபோர்மன், லெனாக்ஸ், மார்சியானோ, ஃப்ரேஸியர், ஜாக் ஜான்சன், இடித்துப் பிடித்துக்கொண்டு ஹோலிஃபீல்டு. டைசன், டெம்ப்சி, விளாடிமிர் கிளிச்சகோ அதற்குக் கீழே. விளாடிமிரை ஒரு படி ஏற்றலாமா என்று மாசத்துக்கு ஒரு தடவை தோன்றும், அவருடைய சண்டையை ஒன்று போட்டுப் பார்ப்பேன், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார், அந்த எண்ணம் போய்விடும்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஃப்ரேஸியரும் ஹோம்ஸும் ஒரே படியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, ஒரே ஒரு ரவுண்டு பாருங்கள் என்று 1978 ஹோம்ஸ்–நார்ட்டன் சண்டையின் 15-ஆவது ரவுண்டைப் போனில் போட்டேன். 14 ரவுண்டு முடிந்து மூன்று நடுவர் தாளிலும் சமம், உலகப் பட்டம் இந்த மூன்று நிமிஷத்தில் இருக்கிறது, இருவருக்கும் கை தூக்கத் தெம்பில்லை, ஆனாலும் நிறுத்தாமல் அடித்துக்கொள்கிறார்கள். பெரியப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். காலண்டர் தாளையும் பேனாவையும் வாங்கி, போனைத் தூரத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு மார்க் எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார்.

நார்ட்டன் 10, ஹோம்ஸ் 9.

அன்றைக்கு மூன்று நடுவர்களில் ஒருவரும் அப்படித்தான் போட்டிருந்தார், அதனால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.